சட்ட இளநிலைப் படிப்பு தொடங்குமுன்: தீர்ப்பையும் சட்டப்பிரிவையும் படிக்கப் பழகும் வழி

சட்டப் படிப்பில் இடம் உறுதியான நாளுக்கும் முதல் வகுப்பு தொடங்கும் நாளுக்கும் இடையே பெரும்பாலோர்க்குச் சில வாரங்களாவது கிடைக்கின்றன. அந்த இடைவெளியில் தடித்த சட்டநூல் ஒன்றை வாங்கிப் பிரிவு எண்களை மனப்பாடம் செய்யத் தொடங்குபவர்கள் உண்டு. வகுப்பில் எல்லாம் சொல்லித் தருவார்கள் என்று ஒன்றும் செய்யாமல் இருந்துவிடுபவர்களும் உண்டு. முன்னவர்கள் மனப்பாடம் செய்தவை அடுத்த சட்டத்திருத்தத்தோடு பழசாகிவிடலாம். பின்னவர்கள் முதல் மாதத்திலேயே வாசிப்புப் பட்டியலின் நீளத்தைக் கண்டு திகைத்துப் போகிறார்கள். முதலாண்டு மாணவருக்குச் சட்டம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்று ஆசிரியர்கள் எதிர்பார்ப்பதில்லை. ஆனால் இருபது முப்பது பக்கத் தீர்ப்பு ஒன்றைப் படித்து, அதில் எந்த உண்மை முடிவைத் தீர்மானித்தது என்று எடுத்துச் சொல்ல வேண்டும் என்பதை மிக விரைவிலேயே எதிர்பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். அந்தப் படிக்கும் முறையைப் பழகிக்கொள்வதே நல்ல முன்தயாரிப்பு என்பது என் கருத்து. கீழே வரும் படிகள் பெரும்பாலும் அதையே சுற்றி வருகின்றன.

இங்கே சொல்லப்படுபவை நீதிமன்றத் தீர்ப்புகளுக்கே சட்டத்தின் தகுதி தரும் பொதுச் சட்ட மரபை மனத்தில் கொண்டவை. இங்கிலாந்து, இந்தியா, மலேசியா, சிங்கப்பூர், ஆஸ்திரேலியா, கனடாவின் பெரும்பகுதி ஆகியவை இம்மரபில் அடங்கும். இலங்கையில் ரோமன்-டச்சுச் சட்டமும் ஆங்கிலச் சட்டமும் கலந்து வழங்குவதால் அங்குள்ள மாணவருக்கும் இவை பெரும்பாலும் பொருந்தும். பிரான்ஸ், ஜெர்மனி போன்ற நாடுகளில் தொகுக்கப்பட்ட சட்டநூலே முதன்மை பெறுவதால் அங்கே படிக்கப் போகிறவர் தீர்ப்புகளைவிடச் சட்டப்பிரிவுகளில் கூடுதல் நேரம் செலவிட வேண்டியிருக்கும்.

முதற்படி: எந்தப் பட்டம், அது எங்கே கொண்டுபோய் விடும்

சட்டப் பட்டமும் வழக்கறிஞர் உரிமமும் ஒன்றல்ல என்பதைச் சேருமுன்னரே தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். இந்தியாவில் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பும், ஏற்கெனவே ஒரு பட்டம் பெற்றவருக்கு மூன்றாண்டுப் படிப்பும் உள்ளன. எதைப் படித்தாலும் மாநில பார் கவுன்சிலில் பதிவு செய்துகொள்ள வேண்டும், அகில இந்திய பார் தேர்விலும் தேற வேண்டும். இங்கிலாந்தில் இளநிலைச் சட்டப் பட்டம் பொதுவாக மூன்றாண்டு. அதன் பிறகு சொலிசிட்டர் (கட்சிக்காரருக்கு ஆலோசனையும் ஆவண வேலையும் செய்து தரும் வழக்கறிஞர்) ஆக விரும்புபவர் 2021 முதல் நடத்தப்படும் தகுதித் தேர்வையும் உரிய பணி அனுபவத்தையும் முடிக்க வேண்டும், பாரிஸ்டர் (நீதிமன்றத்தில் வாதாடும் வழக்கறிஞர்) ஆக விரும்புபவருக்கு வேறு பயிற்சி இருக்கிறது. அமெரிக்காவிலோ சட்டம் பொதுவாக முதல் பட்டத்திற்குப் பின்னரே படிக்கப்படுகிறது.

ஆகவே ஒரு நாட்டில் படித்து வேறொரு நாட்டில் தொழில் செய்ய எண்ணுபவர், தொழில் செய்யப்போகும் நாட்டின் ஒழுங்குமுறை அமைப்பு அந்தப் பட்டத்தை ஏற்கிறதா, ஏற்குமானால் கூடுதல் தேர்வுகள் உண்டா என்பதை அந்த அமைப்பின் சொந்த அறிவிப்பிலிருந்தே படித்து உறுதி செய்துகொள்ள வேண்டும். கல்லூரியின் விளம்பரத்தாளையோ ஏற்கெனவே படித்த உறவினரின் நினைவையோ இதற்கு நம்ப வேண்டாம். விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. பத்தாண்டுக்கு முன் படித்தவர் சொல்வது அவர் காலத்துக்கு உண்மையாக இருந்திருக்கும்.

அதோடு முதலாண்டுப் பாடத்திட்டத்தையும் ஒருமுறை வாங்கிப் பார்த்துவிடுங்கள். ஒப்பந்தச் சட்டம், தீங்கியல் சட்டம் (பிறர் இழைத்த தீங்குக்கு இழப்பீடு கோருவது பற்றியது), குற்றவியல் சட்டம், அரசமைப்புச் சட்டம், சட்டமுறை அறிமுகம் ஆகியவற்றில் பெரும்பாலானவை தொடக்க ஆண்டுகளில் இருக்கும். பெயர்களைத் தெரிந்துகொண்டால் இப்போதைக்குப் போதும்.

இரண்டாம் படி: சட்டம் எங்கிருந்து வருகிறது என்ற வரைபடம்

ஒரு மாலைப் பொழுதில் முடித்துவிடக்கூடிய வேலை இது. ஒரு தாளை எடுத்து, நீங்கள் படிக்கப்போகும் நாட்டின் நீதிமன்றங்களைக் கீழிருந்து மேலாக வரைந்து, எந்த நீதிமன்றத்திலிருந்து எங்கே மேல்முறையீடு போகும் என்பதை அம்புக்குறியால் காட்டுங்கள். பக்கத்தில் அரசமைப்பு, சட்டமன்றம் இயற்றும் சட்டம், அச்சட்டத்தின் கீழ் அரசுத் துறைகள் வகுக்கும் விதிகள், முன்தீர்ப்புகள் ஆகியவற்றை எழுதி, ஒன்றுக்கொன்று முரண்பட்டால் எது நிற்கும் என்பதைக் குறியுங்கள். மேல் நீதிமன்றத்தின் தீர்ப்பு கீழ் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தும் என்ற கோட்பாட்டை ‘ஸ்டேர் டிசைசிஸ்’ என்பார்கள். அந்த வரைபடம் கையில் இல்லாமல் தீர்ப்பு படிப்பவருக்கு, தாம் படிப்பது யாரைக் கட்டுப்படுத்தும் சொல், யாரைக் கட்டுப்படுத்தாத சொல் என்பது தெரியாது.

தீர்ப்புகளின் மேற்கோள் குறியீட்டையும் இப்போதே பழகிக்கொள்ளலாம். ‘[1932] ஏ.சி. 562’ என்றால், 1932ஆம் ஆண்டின் ‘அப்பீல் கேசஸ்’ என்ற தீர்ப்புத் தொகுதியில் 562ஆம் பக்கத்தில் அந்தத் தீர்ப்பு தொடங்குகிறது என்று பொருள். ஆண்டு சதுர அடைப்பில் இருந்தால் அந்த ஆண்டைக் கொண்டுதான் தொகுதியைத் தேட வேண்டும். வளைந்த அடைப்பில் இருந்தால் தொகுதிகளுக்குத் தனி வரிசை எண் உண்டு, ஆண்டு ஒரு தகவல் மட்டுமே என்பது இங்கிலாந்தில் நிலவும் வழக்கம். இந்தியத் தொகுதிகள் இந்த வழக்கத்தை அவ்வளவு கண்டிப்பாகப் பின்பற்றுவதில்லை. ‘(1973) 4 எஸ்.சி.சி. 225’ என்பதில் அந்த ஆண்டின் நான்காம் தொகுதியைத்தான் தேட வேண்டும். இதையெல்லாம் பரீட்சையில் கேட்கமாட்டார்கள், ஆனால் நூலகத்தில் நிற்கும்போது தேவைப்படும்.

மூன்றாம் படி: ஒரே ஒரு தீர்ப்பை முழுமையாகப் படித்தல்

இந்தத் தயாரிப்பின் மையம் இதுதான். நேரம் குறைவாக உள்ளவர் மற்றப் படிகளை விட்டுவிட்டு இதை மட்டும் செய்தாலும் நட்டமில்லை.

ஆர்வமுள்ள மாணவர் பலர் முதலில், அரசமைப்பைத் திருத்த இந்திய நாடாளுமன்றத்துக்குள்ள அதிகாரத்தின் எல்லை பற்றிய கேசவானந்த பாரதி வழக்கின் தீர்ப்பைத் திறக்கிறார்கள். பதின்மூன்று நீதிபதிகள் கேட்டு, ஏழுக்கு ஆறு என்ற கணக்கில் 1973இல் முடிவான அந்த வழக்கில் பதினொரு தனித் தீர்ப்புரைகள் இருக்கின்றன. அச்சில் எழுநூறு பக்கத்தைத் தாண்டும். அதன் முதன்மையில் ஐயமில்லை, ஆனால் தொடங்குவதற்கு உரிய இடம் அதுவன்று. சிறிய உண்மைகளும் ஒரே சட்டக் கேள்வியும் எதிர்த்தரப்பு நியாயமும் கொண்ட ஒரு வழக்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பொதுச் சட்ட நாடுகள் எங்கும் தீங்கியல் பாடத்தில் வரும் டொனஹியூ எதிர் ஸ்டீவன்சன் வழக்கு அதற்கு மிகப் பொருத்தமானது. எப்படியும் வகுப்பில் அதைப் படிக்கத்தான் போகிறீர்கள்.

1928 ஆகஸ்டு மாதத்தில் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரில் ஒரு சிற்றுண்டியகத்தில் மே டொனஹியூ என்ற பெண்ணுக்கு அவருடைய தோழி இஞ்சிப் பானம் வாங்கித் தந்தார். பானம் ஒளி ஊடுருவாத நிறக் கண்ணாடிப் புட்டியில் இருந்தது. பாதியைக் குடித்த பிறகு மீதியை ஊற்றும்போது அழுகிய நத்தை ஒன்றின் எச்சம் வெளியே வந்ததாகவும், அதனால் தாம் அதிர்ச்சிக்கும் வயிற்று நோய்க்கும் ஆளானதாகவும் டொனஹியூ கூறினார். பானத்தைத் தயாரித்த ஸ்டீவன்சன் மீது அவர் தொடுத்த வழக்கு ஸ்காட்லாந்து நீதிமன்றங்களைக் கடந்து அக்காலத்தில் உச்ச மேல்முறையீட்டு அமைப்பாக இருந்த லண்டன் பிரபுக்கள் அவை வரை சென்று, 1932 மே மாதம் மூவருக்கு இருவர் என்ற பெரும்பான்மையில் அவருக்குச் சாதகமாக முடிந்தது.

இத்தீர்ப்பை முதன்முறை படிக்கும்போது எதையும் குறிக்காமல், கதையைப் போல ஓட்டமாகப் படித்துவிடுங்கள். புரியாத இடங்கள் நிறைய இருக்கும்; நின்று அகராதி பார்க்க வேண்டாம். இரண்டாம் முறை கையில் பென்சிலோடு உட்கார்ந்து சில கேள்விகளுக்கு மட்டும் விடை தேடுங்கள். யார் யார்மீது வழக்குத் தொடுத்தார்கள்? கீழ் நீதிமன்றங்கள் என்ன சொல்லின? உச்ச அமைப்பின் முன் வந்த கேள்வி எது?

மூன்றாவது கேள்வியில்தான் பெரும்பாலோர் வழுக்குகிறார்கள். ‘புட்டியில் நத்தை இருந்ததா?’ என்பதே கேள்வி என எழுதுவார்கள். அந்தக் கேள்வி எந்த நீதிமன்றத்திலும் விசாரிக்கப்படவே இல்லை. டொனஹியூ சொன்னவை அனைத்தும் உண்மை என்று வைத்துக்கொண்டாலும் சட்டப்படி அவருக்கு நிவாரணம் கேட்க வழி உண்டா என்பதே பிரபுக்கள் அவை தீர்மானித்த கேள்வி. அதன்பின் சாட்சி விசாரணை நடக்குமுன்னரே வழக்கு சமரசமாக முடிந்துவிட்டதால், நத்தை இருந்ததா இல்லையா என்பது இன்றுவரை நிறுவப்படாத செய்தி. உண்மை பற்றிய கேள்விக்கும் சட்டம் பற்றிய கேள்விக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வழக்கு எனக்குத் தெரிந்து வேறில்லை.

அடுத்து, கதையில் வரும் ஒவ்வோர் உண்மையையும் தனித்தனியாக எடுத்து, ‘இது இப்படி இல்லாதிருந்தால் முடிவு மாறியிருக்குமா?’ என்று கேளுங்கள். பானத்தை வாங்கியது தோழி என்பது முக்கியமா? ஆம், டொனஹியூவே பணம் கொடுத்து வாங்கியிருந்தால் விற்றவரோடு அவருக்கு ஒப்பந்த உறவு ஏற்பட்டு, வழக்கு வேறு பாதையில் போயிருக்கும். கண்ணாடி ஒளி ஊடுருவாதது என்பது? ஆம், கடைக்காரரோ குடிப்பவரோ உள்ளே பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லாமல் போனதற்கு அது காரணம். நகரம் பெய்ஸ்லி என்பது? இல்லை. வந்தது நத்தை என்பது? அதுவும் இல்லை, எலியானாலும் கண்ணாடித் துண்டானாலும் விடை ஒன்றே. இப்படி வடித்தெடுத்த பிறகு மிஞ்சும் உண்மைகளும் அவற்றின்மேல் நீதிபதிகள் நிறுவிய சட்ட விதியும் சேர்ந்ததே தீர்ப்பின் அடிப்படைக் காரணம். சட்ட வழக்கில் ‘ரேஷியோ டெசிடெண்டை’ என்பார்கள். வழக்கைத் தீர்க்க இன்றியமையாதவை அல்லாத, போகிற போக்கில் சொல்லப்படும் கருத்துகள் ‘ஒபிடர் டிக்டா’. பின்னால் வரும் நீதிமன்றத்தை அவை கட்டுப்படுத்தா.

சிக்கல் என்னவென்றால், அடிப்படைக் காரணம் எது என்று தீர்ப்பே முத்திரை குத்திக் காட்டுவதில்லை. இந்த வழக்கில் பெரும்பான்மைத் தரப்பு நீதிபதியான அட்கின் பிரபு இரண்டு வகையாகப் பேசுகிறார். இடையில் சோதித்துப் பார்க்க நியாயமான வாய்ப்பு இல்லாத வகையில் பொருளைக் கடைசி நுகர்வோர்வரை அனுப்பும் உற்பத்தியாளர், அந்த நுகர்வோரிடம் கவனத்தோடு நடந்துகொள்ளக் கடமைப்பட்டவர் என்கிறார். அதைவிட அகலமாக, நம் செயலால் நேரடியாகவும் நெருக்கமாகவும் பாதிக்கப்படுவார்கள் என்று நாம் நியாயமாக எண்ணிப் பார்க்க வேண்டியவர்கள் அனைவருமே நமக்கு அண்டை அயலார், அவர்களுக்குத் தீங்கு நேராதபடி நடப்பது நம் கடமை என்றும் சொல்கிறார். குறுகியதை எடுத்துக்கொண்டால் இது உற்பத்தியாளர் பற்றிய விதி. அகன்றதை எடுத்துக்கொண்டால் கவனக்குறைவுச் சட்டம் முழுவதற்குமான விதி. இரண்டையும் உங்கள் சொற்களில் ஒவ்வொரு வாக்கியமாக எழுதிப் பாருங்கள். அரைமணி நேரம் ஆகலாம், அடித்து அடித்து எழுத வேண்டியிருக்கலாம். அந்த அரைமணி நேரத்தில் கற்பது ஒரு வார விரிவுரைக்கு ஈடாகும்.

அடுத்ததாக 1935இல் பிரிவி கவுன்சில் (பிரிட்டிஷ் பேரரசின் பிற நாடுகளிலிருந்து வந்த மேல்முறையீடுகளை லண்டனில் விசாரித்த அமைப்பு) முடிவு செய்த கிராண்ட் எதிர் ஆஸ்திரேலியன் நிட்டிங் மில்ஸ் வழக்கின் சுருக்கத்தையாவது படியுங்கள். கடையில் வாங்கிய கம்பளி உள்ளாடையில் மிஞ்சியிருந்த வேதிப்பொருளால் ஒருவருக்குக் கடுமையான தோல் அழற்சி ஏற்பட்டது. புட்டியைப் போல உள்ளாடை மூடி முத்திரையிடப்பட்டது அல்லவே, கடைக்காரர் அதைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கலாமே என்று உற்பத்தியாளர் தரப்பு வாதிட்டது. குறை கண்ணுக்குத் தெரியாதது, பொருள் உற்பத்தியாளரிடமிருந்து புறப்பட்ட நிலையிலேயே நுகர்வோரை அடைந்தது என்பதே முக்கியம் என்று கூறி நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. முதல் வழக்கில் எந்த உண்மை உயிரானது, எது வெறும் சூழ்நிலை என்பதை இரண்டாம் வழக்கு எப்படித் தெளிவாக்குகிறது என்று கவனியுங்கள். சட்டம் இப்படித்தான் வழக்குக்கு வழக்கு நகர்கிறது.

தோற்ற தரப்பின் நியாயத்தை மறந்துவிடக் கூடாது. பக்மாஸ்டர் பிரபு டொனஹியூ வழக்கில் மாறுபட்டுத் தீர்ப்பெழுதினார். இத்தகைய பொறுப்பை ஒருமுறை ஏற்றுக்கொண்டால் அதற்கு எல்லை எங்கே என்ற அச்சம் அவர் வாதத்தின் அடியில் இருக்கிறது. அவர் தோற்றுவிட்டார் என்பதால் அந்தக் கேள்வி தோற்றுவிடவில்லை. பிற்காலத்தில் பொருளிழப்பு, மன அதிர்ச்சி பற்றிய வழக்குகள் பலவற்றிலும் அதே கேள்வி திரும்பி வந்தது. மாறுபட்ட தீர்ப்புரையைப் படிக்காமல் தாண்டிவிடும் பழக்கம் தொடக்கத்திலேயே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பான்மைத் தீர்ப்பின் பலவீனங்களை நமக்காக உழைத்துத் தேடி வைத்திருப்பவர் அவர்தான்.

நான்காம் படி: சட்டப்பிரிவைச் சொல் சொல்லாகப் படித்தல்

தீர்ப்பை நிதானமாகவும் பலமுறையும் படிக்க வேண்டும் என்றால், சட்டப்பிரிவை ஒவ்வொரு சொல்லையும் கழற்றி மேசைமேல் பரப்பிப் படிக்க வேண்டும். இதற்குத் திருட்டின் வரையறை நல்ல பயிற்சிப் பொருள், ஏனென்றால் திருட்டு என்றால் என்ன என்பது தமக்கு ஏற்கெனவே தெரியும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள்.

ஒருவருடைய மிதிவண்டியைக் கேட்காமல் எடுத்துச் சென்று, மாலையில் திருப்பி வைத்துவிடும் நோக்கத்தோடு ஓட்டுகிறார் இன்னொருவர். இது திருட்டா? இங்கிலாந்தின் 1968ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டத்தின் முதற்பிரிவு, பிறர் பொருளை நேர்மையற்ற முறையில் தனதாக்கிக்கொள்வதோடு, உரியவருக்கு அது நிரந்தரமாகக் கிடைக்காமல் செய்யும் நோக்கமும் இருக்க வேண்டும் என்கிறது. ஆகவே மாலையில் திருப்பித்தர எண்ணியவர் அங்கே திருடர் ஆகார். அனுமதியின்றி வண்டியை எடுப்பதற்கென்றே அச்சட்டத்தில் தனிக் குற்றம் வைக்க வேண்டியிருந்தது. இந்தியாவில் 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 378ஆம் பிரிவிலும், இப்போது அதன் இடத்தில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவிலும் ‘நிரந்தரமாக’ என்ற சொல் கிடையாது. ஒருவர் வசமுள்ள அசையும் பொருளை அவர் இசைவின்றி நேர்மையற்ற முறையில் எடுக்கும் நோக்கத்தோடு நகர்த்தினாலே போதும். விமானப்படைப் பயிற்சி மாணவர் ஒருவர் அனுமதியின்றிப் பயிற்சி விமானம் ஒன்றை எடுத்து எல்லைக்கு அப்பால் கொண்டுபோய் இறக்கிய கே. என். மெஹ்ரா வழக்கில், தற்காலிகமாக எடுத்ததும் திருட்டாகலாம் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1957இல் கூறியது. ஆனால் இதைப் படித்துவிட்டு மிதிவண்டிக்காரர் இந்தியாவில் உறுதியாகத் திருடர்தான் என்று எழுதிவிடவும் கூடாது. ‘நேர்மையற்ற முறையில்’ என்பதற்குச் சட்டம் தனி வரையறை தருகிறது, முறைகேடான ஆதாயம் அல்லது இழப்பு ஏற்படுத்தும் நோக்கம் அவரிடம் இருந்ததா என்பதைப் பார்த்தாக வேண்டும். ஒரு சொல் இருப்பதும் இல்லாததும் மனிதர் ஒருவர் குற்றவாளியா இல்லையா என்பதைத் தீர்மானிக்கிறது.

எந்தப் பிரிவை எடுத்தாலும் அதைக் கூறுகளாக உடைத்து எண்ணிட்டு எழுதுங்கள். ‘மற்றும்’ என வருகிறதா, ‘அல்லது’ என வருகிறதா என்று பாருங்கள். கட்டாயமா, விருப்புரிமையா என்பதைச் சுட்டும் வினைச்சொற்களை அடிக்கோடிடுங்கள். ஒரு சொல்லுக்கு ‘என்பது இதைக் குறிக்கும்’ என்று வரையறை இருந்தால் பொருள் அங்கே அடைக்கப்பட்டுவிட்டது, ‘இதையும் உள்ளடக்கும்’ என்றிருந்தால் பொருள் திறந்தே இருக்கிறது என்பது பொது விதி. ‘ஆயினும்’ என்று தொடங்கும் வரம்புரையைப் படிக்காமல் பிரிவை மேற்கோள் காட்டுவது பாதி வாக்கியத்தைச் சொல்வதற்குச் சமம். 1860ஆம் ஆண்டுச் சட்டத்திலும் 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்திலும் பிரிவுகளின் கீழ் எடுத்துக்காட்டுகள் தரப்பட்டிருப்பது புதியவருக்குக் கிடைத்த கொடை. எடுத்துக்காட்டை முதலில் மறைத்துக்கொண்டு, பிரிவை மட்டும் வைத்து விடையை ஊகித்து, பிறகு திறந்து பார்ப்பது சிறந்த பயிற்சி.

ஐந்தாம் படி: எழுதிப் பழகுதல்

சட்டத் தேர்வுகளில் ‘விளக்குக’ என்ற வினாக்களைவிட, ஒரு கற்பனைச் சூழலைத் தந்து இரு தரப்பினரின் உரிமைகளைக் கேட்கும் வினாக்களே மாணவரைத் தரம் பிரிக்கின்றன. அவற்றுக்குப் பிரச்சினை, விதி, பொருத்திப் பார்த்தல், முடிவு என்ற நான்கடுக்கு முறையைச் சொல்லித் தருவார்கள். முறை எளிது, மூன்றாம் அடுக்கில்தான் மதிப்பெண் இருக்கிறது, அங்கேதான் பலர் ஒரே வரியில் தாவிப் போய்விடுகிறார்கள்.

ஒரு பயிற்சி. அக்கா ஒருத்தி தன் தம்பியிடம், ‘நீ பார்க்கும் வேலையை விட்டுவிட்டு வந்து ஓராண்டு என் அச்சகத்தைக் கவனித்துக்கொள், லாபத்தில் கால் பங்கு தருகிறேன்’ என்கிறாள். அவன் அப்படியே செய்கிறான். ஆண்டு முடிவில் அவள் மறுக்கிறாள். குடும்பத்தாரின் பேச்சுக்குச் சட்டப் பிணைப்பு உண்டா என்பதே பிரச்சினை. விதிக்கு இரண்டு ஆங்கில வழக்குகளைப் பார்க்கலாம். 1919ஆம் ஆண்டு பால்ஃபர் வழக்கில், இலங்கையில் பணியாற்றிய கணவர், மருத்துவக் காரணத்தால் இங்கிலாந்தில் தங்கிவிட்ட மனைவிக்கு மாதம் 30 பவுண்டு தருவதாகச் சொன்ன வாக்கைச் சட்டம் நிறைவேற்றித் தராது, ஏனெனில் சட்ட உறவை ஏற்படுத்தும் எண்ணம் அவர்களிடையே இல்லை என்று தீர்ப்பானது. 1970ஆம் ஆண்டு மெரிட் வழக்கில், பிரிந்துபோன கணவர் வீட்டை மனைவி பெயருக்கு மாற்றித் தருவதாகக் கையெழுத்திட்டுத் தந்த வாக்கு செல்லும் என்று தீர்ப்பானது. (அம்மா ஒருவர் தம் மகளின் பாரிஸ்டர் படிப்புக்குப் பணம் தருவதாகச் சொன்ன வாக்கு செல்லாது என்று முடிந்த ஜோன்ஸ் எதிர் படவட்டன் வழக்கும் இவ்வரிசையில் உண்டு, சட்டம் படிக்கப் போகிறவர்கள் வீட்டில் அதைக் காட்டாமல் இருப்பது நல்லது.)

இப்போது பொருத்திப் பாருங்கள். அக்கா தம்பி என்பதால் பால்ஃபர் பக்கம் சாய்கிறது. ஆனால் பேச்சு வீட்டுச் செலவு பற்றியதன்று, வணிகம் பற்றியது; தம்பி வேலையை விட்டிருக்கிறான்; பங்கு திட்டமாகச் சொல்லப்பட்டிருக்கிறது. எழுத்தில் எதுவும் இல்லை என்பது அவனுக்கு எதிரானது. முதலில் தம்பியின் வழக்கறிஞராக ஒரு பக்கமும், மறுநாள் அக்காவின் வழக்கறிஞராக ஒரு பக்கமும் எழுதுங்கள். இரண்டும் ஒரே அளவு நம்பும்படி வந்தால் சரியாகப் படித்திருக்கிறீர்கள். முடிவுரையில் ‘நீதி வெல்ல வேண்டும்’ என்பது போன்ற வாக்கியங்களுக்கு எந்த நாட்டிலும் மதிப்பெண் கிடையாது.

தமிழ்வழியில் பள்ளி முடித்து ஆங்கிலவழியில் சட்டம் படிக்கப் போகிறவருக்கு இங்கே ஒரு சொல். முதல் வரைவைத் தமிழிலேயே எழுதுவதில் தவறில்லை. வாதம் எங்கே ஓட்டையாக இருக்கிறது என்பது சொந்த மொழியில் எழுதும்போது விரைவாகத் தெரியும். பிறகு அதையே சிறிய ஆங்கில வாக்கியங்களில் எழுதுங்கள். நல்ல தீர்ப்புகள் பலவும் எளிய நடையில் எழுதப்பட்டவையே. லத்தீன் தொடர்களை இப்போது திரட்டி வைக்க வேண்டாம். அவை படிக்கும்போது தாமாக வந்து சேரும்.

ஆறாம் படி: மூலங்களைத் தேடிச் சரிபார்த்தல்

தீர்ப்புகளைப் படிக்கப் பணம் செலவழிக்கத் தேவையில்லை. ஐக்கிய இராச்சியத்துத் தீர்ப்புகளுக்குப் பெய்லி, ஆஸ்திரேலியாவுக்கு ஆஸ்ட்லி, கனடாவுக்குக் கன்லி, இந்தியாவுக்கு இந்தியன் கானூன் ஆகிய தளங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. இந்தியச் சட்டங்களின் மூலத்தை அரசின் இந்தியா கோட் தளத்தில் பார்க்கலாம். பாடநூல்களை வகுப்பு தொடங்கி ஆசிரியர் எதைச் சொல்கிறார் என்று தெரிந்த பிறகு வாங்குவது நல்லது. பழைய புத்தகம் வாங்குவதாக இருந்தால் பதிப்பாண்டைப் பாருங்கள். இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் சட்டங்கள் மூன்றும் மாற்றப்பட்டு நடைமுறைக்கு வந்துவிட்டதால், அதற்கு முந்தைய நூலின் பிரிவு எண்களைப் புதிய சட்டத்தின் எண்களாக எடுத்துக்கொண்டால் குழப்பமே மிஞ்சும்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் வழக்குகளைக் கேட்பவர்கள் ஒரு செய்தியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 2023இல் நியூயார்க்கில் மாட்டா எதிர் ஏவியாங்கா வழக்கில், சாட்ஜிபிடி புனைந்து தந்த, உலகில் இல்லாத தீர்ப்புகளை மனுவில் மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது. யார் சொன்ன வழக்கானாலும், அது ஆசிரியரே ஆனாலும், மூலத்தைத் திறந்து பார்க்காமல் எழுதுவதில்லை என்று முதல் நாளிலிருந்தே வழக்கப்படுத்திக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: நீதிமன்றத்தில் ஒரு நாள்

பெரும்பாலான நீதிமன்ற விசாரணைகள் பொதுமக்களுக்குத் திறந்தவை. கைப்பேசியை அணைத்துவிட்டு, பின்வரிசையில் அமைதியாக அமர்ந்து பார்க்கலாம். போக இயலாதவர், ஐக்கிய இராச்சிய உச்ச நீதிமன்றத்தின் விசாரணைகளையும், 2022 செப்டம்பர் முதல் இந்திய உச்ச நீதிமன்றத்தின் அரசமைப்பு அமர்வு விசாரணைகளையும் இணையத்தில் நேரலையாகக் காணலாம். ஆனால் கீழ் நீதிமன்றத்தின் ஒரு சாதாரண நாளுக்குத்தான் நான் முதலிடம் தருவேன். தேதி தள்ளிவைப்பு, ஆவணம் சரியில்லை என்று திருப்பி அனுப்புதல், சாட்சி வரவில்லை என்ற அறிவிப்பு என்று காலை முழுவதும் கழிந்துவிடக் கூடும். திரைப்படத்தில் பார்த்த வாதம் ஒன்றுகூட நடக்காமல் போகலாம். இந்தத் தொழில் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொண்டு சேர்வதற்கு அந்தக் காலைப்பொழுது உதவும். நீதிபதி எந்தக் கேள்வியைக் கேட்டபோது வழக்கறிஞர் தடுமாறினார் என்பதை மட்டும் வீட்டுக்கு வந்து எழுதி வையுங்கள்.

கடைசி வாரம்

வகுப்பு தொடங்கும் வாரத்தில் புதிதாக எதையும் எடுக்க வேண்டாம். முதல் விரிவுரைக்குரிய வாசிப்புப் பட்டியல் முன்கூட்டியே கிடைத்தால், அதில் உள்ள எல்லாவற்றையும் அரைகுறையாகப் புரட்டுவதைவிட, முதன்மையானது என்று குறிக்கப்பட்ட ஒரு தீர்ப்பை மட்டும் எடுத்து மேலே சொன்ன முறையில் ஒரு பக்கக் குறிப்பாக்குங்கள். அந்தக் குறிப்பில் வழக்கின் பெயர், நீதிமன்றம், ஆண்டு, முடிவை மாற்றக்கூடிய உண்மைகள், கேள்வி, விடை, அதற்கான காரணம், மாறுபட்ட கருத்து ஆகியவற்றுக்கு இடம் இருக்கட்டும். கீழே நான்கு விரல் அகலம் வெற்றிடம் விட்டுவையுங்கள். விரிவுரையில் ஆசிரியர் அதே வழக்கிலிருந்து நீங்கள் காணாத எதையாவது எடுத்துக் காட்டுவார், அதை எழுத அந்த இடம் வேண்டும்.